பக்கம் நான்கு, ஓர் அடித்தல்

வால்டிவியாவில் அன்றும் மழை.
ஆற்றங்கரை மீன்சந்தையின் கடற்சிங்கங்கள்
ஆஸ்பத்திரி இரண்டாம் மாடிவரை குரைத்தன.
நெறிக்குழுவில் ஐந்து பேர், ஒரு பிளாஸ்க் காப்பி,
மூலையில் நான்.
பேசுவதை எழுதுவது என் வேலை.
நினைப்பதை எழுதச் சம்பளம் இல்லை.

எரிபெர்த்தோ ஓயார்சோ, ஐம்பத்தெட்டு.
படகுகளுக்கு என்ஜின் பூட்டியவர்.
கை போயிற்று, பிறகு கால், பிறகு நாக்கு.
மூச்சை ஒரு குழாய் இழுத்து விடுகிறது.
மிச்சம் இரண்டு கண்கள், ஓர் இடது புருவம்,
எதிரே ஒரு திரை.
அவர் பார்க்கிற எழுத்தைத் திரை பிடித்துக்கொள்ளும்,
அவருடைய பழைய குரலிலேயே வாசிக்கும்.
பேச்சு போவதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து
பதிந்து வைத்த குரல்.
நடுவில் ஒரு தும்மல்கூட உண்டு என்றாள் மகள் யாஸ்னா.

டாக்டர் உருத்தியா கேட்டார்:
"மூச்சுக் கருவி தொடரட்டுமா?
உங்களுக்கு என்ன வேண்டும்?"

முதல் எழுத்துக்கு ஒரு நிமிடம்.
இரண்டாவதற்கு அதைவிட.
ஒருவர் கைபேசியைப் பார்த்தார்.
மூன்றாவது எழுத்து விழுந்ததும்
திரைக்குப் பொறுக்கவில்லை.
ஆயிரம் படுக்கைகளில் படித்த பாடம் அதற்கு.
இப்படிக் கிடப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.
தானே முடித்தது, அவர் குரலில்,
கொஞ்சம் கனிவோடுகூட:
"யாருக்கும் பாரமாக இருக்க விரும்பவில்லை."

அறை இளகிப் போயிற்று.
"எவ்வளவு கண்ணியமான மனிதர்" என்றார் வழக்கறிஞர் அம்மாள்.
கண்ணியத்தை எழுதிக்கொண்டேன்.
பாரத்தையும் எழுதினேன்,
மேற்கோள் குறிக்குள், என் நல்ல கையெழுத்தில்.
பேனாவைக்கூட மூடிவிட்டேன்.

"அப்பா கண் இன்னும் நகருது."

நகர்ந்தது.
அழி. அழி. அழி.
வாக்கியத்தை வால் பக்கமிருந்து தின்றுகொண்டே வந்து
பழைய மூன்று எழுத்தில் நின்றார்.
திரை மறுபடி பாரத்தை நீட்டியது.
மறுபடி அழித்தார்.
ஊகத்தை நிறுத்துங்கள் என்றாள் யாஸ்னா.
எந்தப் பொத்தான் என்று
ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.
கம்பியைப் பிடுங்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார்,
எந்தக் கம்பி என்று பார்க்காமலே.

பதினோரு நிமிடம்.
இருபது வருடமாகக் குறிப்பெழுதுகிறேன்,
காத்திருப்பதற்குச் சுருக்கெழுத்து இல்லை.
காப்பி ஆறியது. குழாய் இழுத்தது, விட்டது.

எங்கள் மொழியில்
பாரத்துக்கும் சீட்டுக்கும்
முதல் மூன்று எழுத்து ஒன்றே.

சீட்டு.
அந்த மனிதர் கேட்டது சீட்டாட.

இதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள்.
வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று
கண்ணை மூடிக்கொண்டார்.

ட்ரூகோவுக்கு நாலு கை வேண்டும்.
யாஸ்னாவும் உருத்தியாவும் ஒரு பக்கம்.
இந்தப் பக்கம் ஆளில்லை; என்னைப் பார்த்தார்கள்.
துணிக் கிளிப்பில் அவர் சீட்டுகளை நிறுத்தினோம்.
கூட்டாளிக்கு முகத்தால் சாடை காட்டலாம், அது ஆட்டத்தின் சட்டம்.
புருவம் தூக்கினால் வாள் ஒன்று,
அதற்கு மேல் சீட்டே இல்லை.

தூக்கினார்.
நான் மேசையைத் தட்டிக் கத்தினேன்.
உருத்தியா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுச்
சீட்டைக் கவிழ்த்தார்.

கிளிப்பைக் கழற்றிப் பார்த்தேன்.
கோப்பை நாலு. ஒன்றுக்கும் உதவாத சீட்டு.
டாக்டர் பார்க்கட்டும் என்றே தூக்கியிருக்கிறார்.
குழாயின் தாளம் மாறவே இல்லை,
ஆனால் அவர் சிரித்தார், அது எனக்குத் தெரியும்.

கருவி பற்றிய கேள்வி அடுத்த வியாழனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.
பக்கம் நான்கில் ஒரே ஒரு கோடு.
அடித்தது படிக்கும்படிதான் அடிக்க வேண்டும், விதி அப்படி.
மேலே சீட்டு என்று எழுதி,
பக்கத்தில் என் பெயர் போட்டேன்.